லைசென்ஸ் கேட்காத எலி



போன மாதம் என் மேசைக்கு ஒரு புது மௌஸ் வந்து சேர்ந்தது. வால் இல்லாத எலி. கடைக்காரர்கள் அதைக் கேமிங் மௌஸ் என்கிறார்கள். எழுபது தாண்டிய ஆளுக்குக் கேமிங் மௌஸ் எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். பதிலைத் தேடிப் போனதில் நூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது. நான் காலமெல்லாம் குப்பை கொட்டிய அரசாங்கத்துக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 35 வருடம் பேனா பிடித்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, பைல் கட்டிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. பழைய மௌஸை நகர்த்தினால் அதன் வயர் மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மணிக்கட்டு வரை வலி ஏறிவிடும். பொங்கலுக்குப் பிறகு இரண்டு மாதம் இங்கே எதுவும் வராததற்குக் காரணம் அதுதான். எழுதுவதையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் வயிற்றுப் பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். எங்களோடுதான் இருக்கிறான். ராத்திரி கண்விழித்துக் கம்ப்யூட்டரில் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான். "படிக்கிற பையன் செய்யற வேலையா இது" என்று ஒரு நாள் நாலு உறவுக்காரர்கள் முன்னால் நான் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சு அவ்வளவாக இல்லை. அப்படி இருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். "தாத்தா, உங்களுக்கு வேணுங்கறது கேமிங் மௌஸ்தான். நாளைக்குச் சேலம் போயிட்டு வரலாம், வாங்க" என்றான்.

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டியதும் என் வாயில் வந்த முதல் கேள்வி, "வயர் இல்லாம வேலை செய்யுதே, இதுக்கு லைசென்ஸ் ஏதாவது எடுக்கணுமா?" என்பதுதான்.

"மௌசுக்கு லைசென்ஸுங்களா ஐயா?" என்று கடைக்காரர் சிரித்தார். பேரனும் சிரித்துவிட்டான். உங்களில் அறுபது தாண்டியவர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ரேடியோவைக் காட்டிக்கொடுத்த கம்பி

எங்களுக்குச் சொந்த ஊர் காரைக்கால். படித்தது பிரெஞ்சு மீடியம். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, நாமக்கல்லிலேயே வேர் விட்டுவிட்டேன். 1960-களில் அப்பா ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். ஓட்டுக்கூரையின் மேல் இரண்டு மூங்கில்களை நட்டு, நடுவில் செம்புக் கம்பிவலை ஏரியல் கட்டினார். சாயங்காலம் இலங்கை வானொலி கேட்க அக்கம்பக்கத்தார் திண்ணையில் கூடிவிடுவார்கள்.

அந்த ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள். வருடத்துக்கு 15 ரூபாய் கட்டினால் அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவார்கள். ஒரு வருடம் அப்பா புதுப்பிக்க மறந்துவிட்டார். லைசென்ஸ் பார்க்கும் அதிகாரி தெருவில் வருகிறார் என்று சேதி வந்ததும் அம்மா ரேடியோவை நெல் பத்தாயத்துக்குள் வைத்து மூடிவிட்டார். அதிகாரி வாசலில் நின்று, "ரேடியோ இருக்கா?" என்றார். "இல்லீங்க" என்றார் அப்பா. அந்த மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். மூங்கிலும் ஏரியலும் வெயிலில் பளபளத்தன. கம்பியில்லாப் பெட்டியைக் கம்பியே காட்டிக்கொடுத்துவிட்டது. மறுநாள் அப்பா அபராதத்தோடு பணம் கட்டிவிட்டு வந்தார்.

இதற்கெல்லாம் அடிப்படை 1933-ம் வருடத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே நின்றது. சைக்கிளுக்கே பில்லை வாங்கிக் கட்டிய காலம் அது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. 1980-களின் நடுவில்தான் வீட்டு ரேடியோவுக்கும் டிவிக்கும் லைசென்ஸ் கட்டணம் ஒழிந்தது. ஆனால் அப்போது சட்டம் ஒழியவில்லை. அந்தச் சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், கடைக்காரர் கையில் இருந்த மௌசும் ஒரு கம்பியில்லாக் கருவிதான். எங்கள் ரேடியோவாவது கேட்க மட்டும் செய்தது. இந்த எலி பேசவும் செய்கிறது. என் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது இல்லை.

வாலால் வந்த பெயர்

இந்த எலி எங்கே பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவருடைய யோசனை அது. 1964-ல் அவருடைய கூட்டாளி பில் இங்கிலிஷ் அதை மரக்கட்டையில் செய்தார். கட்டைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். பின்னால் தொங்கிய வயர் வால் மாதிரி இருந்ததால் எலி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1968 டிசம்பர் 9-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னிலையில் எங்கெல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார். அதே 1968-ல் ஜெர்மனியில் டெலிபுங்கன் கம்பெனியும் சக்கரத்துக்குப் பதிலாக உருளும் பந்து வைத்த கருவி ஒன்றை வெளியிட்டிருந்தது. 1970-ல் எங்கெல்பார்டின் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. உரிமை நிறுவனத்துக்குத்தான், அவருக்கு ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை. 2013-ல் காலமானார்.

பிரெஞ்சு படித்தவனுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் மௌசுக்குப் புதுப்பெயர் தேடவில்லை. எலிக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வார்களோ அதையே, 'சூரி' என்றே வைத்துக்கொண்டார்கள். அதே சொல்லுக்கு 'சிரி' என்றும் ஒரு பொருள் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் லோசான் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் ழான் தானியேல் நிக்கூ என்ற பேராசிரியர் மௌசைச் செம்மைப்படுத்தினார். அதே வட்டாரத்தில், ஆப்பிள்ஸ் என்ற கிராமத்தில், ஒரு பண்ணைவீட்டில், 1981-ல் மூன்று பேர் சேர்ந்து லாஜிடெக் கம்பெனியைத் தொடங்கினார்கள். மென்பொருளுக்குப் பிரெஞ்சில் 'லோழிசியேல்' என்று பெயர். லாஜிடெக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. எங்கள் நாமக்கல் கடைகளில்கூடத் தொங்கும் அந்தப் பெயருக்குள் என் பள்ளிக்கூடத்து மொழி ஒளிந்திருக்கிறது.

நான் ஆபீசில் முதலில் பார்த்தது பந்து வைத்த மௌஸ். இந்தப் பக்கத்துப் புழுதியும் தறிப்பஞ்சும் அதற்குள் போய், உருளைகளில் கறுப்பாகத் திரண்டு நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவை பந்தைக் கழற்றி ஊக்கால் சுரண்டுவோம். 1999-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட மௌஸ் பந்தை ஒழித்தது. அடியில் ஒரு விளக்கு, ஒரு குட்டிக் கேமரா. நொடிக்கு 1,500 படம் எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். விளையாட்டுக்கென்றே செய்த ரேசர் பூம்ஸ்லாங் என்ற மௌஸ் வந்ததும் அதே 1999-ல்தான்.

வால் போன கதை

பந்து போயிற்று. வால் போக இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அதற்குக் காற்றில் அலையை அனுப்பும் வித்தை வேண்டும். அந்த வித்தை மௌசை விட மிகப் பழையது.

என் பள்ளி நாட்களில் இதற்குப் பெயர் 'சான் ஃபில்', அதாவது நூலில்லாதது. 1890-ல் பாரிஸில் எதுவார் பிரான்லி என்பவர், மின்னலை பட்டதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் இரும்புத்தூள் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த அலைகளைக் கண்டுபிடிக்கும் ஒரு 'காது' என்று அதைச் சொல்லலாம். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் நம்முடைய ஜகதீஷ் சந்திர போஸ், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1899 மார்ச் மாதம் மார்க்கோனி இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடல் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியபோது, பிரான்லிக்கு மரியாதை தெரிவித்தும் ஒரு தந்தி கொடுத்தார்.

வானொலி அலையில் ஓடும் மௌசை 1991-ல் லாஜிடெக் கொண்டுவந்தது. அதற்கடுத்த வருடங்களில் வந்த மௌஸ்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடின. மெதுவானவை, அடிக்கடி தடுமாறுபவை. விளையாட்டுக்காரர்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். கண் இமைப்பதற்குள் தோற்றுப்போவார்கள் அல்லவா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிய பிறகுதான் வேகம் வந்தது. 2005-ல் லாஜிடெக் அந்த அலைவரிசையில் ஒரு விளையாட்டு மௌசைக் கொண்டுவந்தது.

இந்த 2.4 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, வைஃபை மோடம், புளூடூத் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அமெரிக்கா 1985-ல் அந்த இடத்தை லைசென்ஸ் இல்லாத தகவல் கருவிகளுக்கும் திறந்துவிட்டது. அத்தனை பேர் ஒரே இடத்தில் எப்படிப் பேசிக்கொள்ள முடியும்? ஒரு வழி, ஒரே அலைவரிசையில் நிற்காமல் தாவித் தாவிப் பேசுவது. அதற்கு 1942-ல் ஒரு காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்றால் நம்புவீர்களா? இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தேல் அவருடைய கூட்டாளி. போரில் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இயக்குவதற்காக, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவும் திட்டம் அது. இன்றைய புளூடூத்தும் தாவித்தான் பேசுகிறது.

ஒரு அரசிதழ் அறிவிப்பு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பழைய குமாஸ்தாவுக்கு எதையும் அரசிதழில் பார்த்தால்தான் திருப்தி. 2005 ஜனவரி 28 தேதியிட்டு மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதே அது. கருவியை இறக்குமதி செய்கிறவர் அந்த வகைக் கருவிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு ஒரு மனுவும் இல்லை, ஒரு முத்திரையும் இல்லை.

1933-ன் பூட்டைப் போட்டதும் அரசாங்கம், இந்தச் சின்ன ஜன்னலைத் திறந்ததும் அரசாங்கம். அந்த அறிவிப்பைப் பற்றி யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. ஏதோ ஒரு பிரிவில் ஒரு குமாஸ்தா அதற்குக் குறிப்பு எழுதி, பைலை மேலே அனுப்பியிருப்பார். நாமக்கல் டீக்கடையில் வைஃபை ஓடுவதும் என் எலி ஓடுவதும் அந்தக் குறிப்பின் பலன்தான்.

ஆனால் அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு. ஆபீஸ் பாஷையில் இருப்பதை நம் பாஷையில் சொல்கிறேன். இந்த இடம் பொதுக்கிணறு. நீ அடுத்தவனுக்கு இடைஞ்சல் செய்யாதே. அடுத்தவனால் உனக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லி எங்களிடம் வராதே. இடத்தைப் பகிர்ந்துகொள். இவ்வளவுதான்.

வாங்கியதும் மாட்டியதும்

கடையில் பேரன் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், கைவலிக்காரர்களுக்கு உதவும்.

முதலில் எடை. பெட்டியில் போட்டிருந்தது 60 கிராம். நாமக்கல்காரனுக்குக் கிராம் சொன்னால் புரியாது, முட்டை சொன்னால் புரியும். ஒரு முட்டையை விடக் கொஞ்சம் அதிகம். உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி. தனியாகச் செல் போடும் மௌஸ் என்றால் அந்தச் செல்லே இருபது கிராமுக்கு மேல் கூட்டிவிடும். அடுத்தது வடிவம். வலது கைக்கென்றே வளைந்த மௌஸை ஒதுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை எடுத்தான். "காலையில வலது கை, சாயங்காலம் இடது கை தாத்தா" என்றான். விண்டோஸ் செட்டிங்கில் இடது வலது பொத்தானை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் தடுமாறினேன், இப்போது பழகிவிட்டது.

பிறகு டிபிஐ. மௌஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி கணக்காகிறது என்பது அது. பெட்டியில் 26,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது வெறும் விளம்பரம், நமக்கு வேண்டாம். எங்கள் வீட்டுத் திரை 1,920 புள்ளி அகலம். 800-ல் வைத்தால் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக 2.4 அங்குலம் கை நகர வேண்டும். 1,600-ல் வைத்தால் 1.2 அங்குலம் போதும். விண்டோஸில் சுட்டியின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிட்டான். விரல் நகர்ந்தால் போதும், மணிக்கட்டு நகர வேண்டியதில்லை. நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்ல வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. விளையாடுகிறவர்கள் 1,000 வைப்பார்கள். எனக்கு 125 போதும், பேட்டரி நிறைய நாள் வரும். கட்டைவிரல் பக்கத்துப் பொத்தான்களை வேலை செய்யாதபடி நிறுத்திவிட்டோம். இந்த அமைப்புகள் மௌசுக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் மாறாது. கண்ணாடி மேசையில் கேமரா திணறும் என்பதால், பழைய மாதக் காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து மாட்டினால், சுட்டி திரையில் தவளை மாதிரி குதித்தது. ஒரு சொல்லைப் பிடிக்கப் போனால் அடுத்த வரியில் போய் நின்றது. "பார்த்தியா, காசைக் கரியாக்கியாச்சு" என்று கத்திவிட்டேன். முகம் சுண்டிப் போய் அவன் எழுந்து போய்விட்டான். பழைய மௌசையே திரும்ப எடுத்து மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் பார்க்கிறேன், மேசைக்கு அடியில் அவன் படுத்துக்கிடக்கிறான். மௌசோடு பேசும் நகத்தளவு துண்டை, டாங்கிள் என்கிறார்கள், நான் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் சொருகியிருந்தேன். எதிரே இரும்பு மேசையின் காலும் பலகையும். பக்கத்திலேயே வைஃபை மோடம். போதாததற்கு நான் சொருகியது வேகமான யுஎஸ்பி ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்தே 2.4-ல் இரைச்சல் கிளம்புமாம். பொதுக்கிணற்றில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று இறைத்தால் வாளி மோதாதா? அவன் ஒரு நீட்டிப்பு வயரை எடுத்து, டாங்கிளை அதன் நுனியில் மாட்டி, மேசை மேல் கொண்டுவந்து, மௌசிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிமிர்த்தி வைத்தான். மோடத்தை அலமாரி மேல் ஏற்றினான். தவளை நின்றுவிட்டது. சுட்டி எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குத் தாத்தா சிரிக்கறீங்க?" என்றான். "எங்கப்பா கூரை மேல ஏரியல் கட்டினாரு. நீ மேசை மேல கட்டறே. கம்பியில்லாததுக்கும் கடைசியில ஒரு கம்பி வேண்டியிருக்கு பாரு" என்றேன். பத்தாயத்துக்குள் ஒளித்த ரேடியோ கதையை அன்றைக்குத்தான் அவனுக்கு முழுசாகச் சொன்னேன். அரசிதழ் விதியின் நிபந்தனையையும் சொன்னேன். இடைஞ்சல் செய்யாதே, புகார் சொல்லாதே, பகிர்ந்துகொள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது நம்ம வீட்டுக்கும் பொருந்தும் போலிருக்கே தாத்தா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேசியதற்கு வருத்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மத்தியானம் உன் விளையாட்டை எனக்கும் காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

காட்டினான். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் விரல்கள் எவ்வளவு நுணுக்கமாக நகர்கின்றன என்று பார்த்தேன். அது சும்மா வந்த பழக்கம் இல்லை.

இப்போது அவன் ராத்திரி பதினொன்றோடு கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறான். நானும் பதினொன்றுக்கு முன் அவன் அறைக்கதவைத் தட்டுவதில்லை. இந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதியை இடது கையால்தான் திருத்தினேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எலி மேல் பழி போடாதீர்கள். உங்கள் வீட்டில் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எங்கேயாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் ஒரு முறை காட்டுங்கள்.